கல் உடைப்பவருக்கும் மனசு உண்டு!

2023, தீபாவளி நாள். உத்தரகாண்டின் சில்க்யாராவில் சுரங்கப்பாதை சரிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே சிக்கினார்கள். குழாய் வழியே சாப்பாடு போனது நமக்கு ஞாபகம் இருக்கும். கூடவே மனநல மருத்துவர்களின் ஆறுதல் பேச்சும் போனது. வீட்டினரோடு பேச வைத்தார்கள். நடக்கவும் யோகா செய்யவும் சொன்னார்கள். 17-வது நாளில் அத்தனை பேரும் உயிரோடு மீண்டார்கள்.

காஞ்சிபுரம் என்றால் பட்டும் கோயிலும்தான் நினைவுக்கு வரும். ஆனால், உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கம் கல்குவாரிகளும் இருக்கின்றன. வெடிச்சத்தம், தூசி, பாறை சரியுமோ என்ற பயம்... அங்கே வேலை செய்பவர்களுக்கு இது தினசரி வாழ்க்கை. தலைக்கு ஹெல்மெட் இருக்கிறது, மனசுக்கு?

தூக்கம் வரவில்லை, தொட்டதுக்கெல்லாம் கோபம், குடி கூடிவிட்டது, வேலைக்குக் கிளம்பும்போதே படபடப்பு... உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருக்கிறதா? திட்டுவதற்கு முன், ‘அங்கே என்ன நடந்துச்சு?’ என்று கேளுங்கள்.

மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். குவாரி முதலாளிகளே, ‘அபாயம்’ போர்டுக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் எழுதி வையுங்களேன்!