ஆறு நாட்கள் அழைக்கின்றன!

நிலத்தைக் காப்போம் என்று முழங்காத மேடை இன்று நாட்டில் இல்லை. ஏரியைக் காக்க ஒரு மன்றம், குன்றைக் காக்க ஒரு குழு, ஆற்று மணலைக் காக்க ஓர் இயக்கம் என்று ஊர்தோறும் அமைப்புகள் எழுந்துள்ளன. எழட்டும்! மண்ணின் மீது பற்றுக்கொண்டு நாலு பேர் கூடுவது நாட்டுக்கு நல்லதுதான்.

ஆனால், தோழரே! அந்த நாலு பேரும் கூடுகின்ற நாள் எது? பொக்லைன் எந்திரம் ஊர் எல்லைக்குள் புகுந்த மறுநாள்! ஏலம் முடிந்து, ஒப்பந்தம் எழுதி, மை காய்ந்த பிறகு! பறிக்க வருபவன் பல ஆண்டுகளுக்கு முன்பே திட்டமிடுகிறான். காக்க வேண்டியவனோ கடைசி நாளில் விழிக்கிறான். இந்த ஓட்டத்தில் யார் முந்துவார் என்று சொல்லவும் வேண்டுமோ?

காக்க விரும்புவோருக்கும் நாட்காட்டி ஒன்று உண்டு. அதில் ஆறு நாட்கள் ஆண்டுதோறும் வருகின்றன. சனவரி 26 - குடியரசு நாள். மார்ச் 22 - உலகத் தண்ணீர் நாள். மே 1 - தொழிலாளர் நாள். ஆகஸ்டு 15 - விடுதலை நாள். அக்டோபர் 2 - காந்தியார் பிறந்த நாள். நவம்பர் 1 - உள்ளாட்சி நாள். தமிழகத்தின் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் கிராம சபை கூடுகின்ற நாட்கள் இவை. முன்பு நான்காக இருந்தவை 2022-இல் ஆறாயின. சில வேளைகளில் தேதி தள்ளிப்போவதுண்டு. அந்த நாளில் நிலம் காக்கும் தோழர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதே இன்றைய கேள்வி.

நாளின் அருமையை அறிய அரிட்டாபட்டிக்குப் போவோம். மதுரை மாவட்டம், மேலூர் வட்டம். சமணர் தங்கிய குகை, தமிழ்பிராமிக் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், குன்றுகளின் அடிவாரத்தில் கண்மாய்களும் ஊற்றுகளும், வானில் வல்லூறு, மரத்தில் தேவாங்கு என்று பழமையும் பசுமையும் கைகோத்து நிற்கும் ஊர். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரண்டு ஊர்களில் சுமார் 193 எக்டேர் பரப்பை 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழகத்தின் முதல் பாரம்பரியத் தலம் அதுவே.

இரண்டாண்டுகள் உருண்டன. 2024 நவம்பர் 7 அன்று ஒரு செய்தி வந்தது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் வட்டாரம் என்று பெயரிட்டு, 2,000 எக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தை ஒன்றிய அரசு ஏலம் விட்டுவிட்டது! அந்தப் பாரம்பரியத் தலமும் அதனுள் அடக்கம். ஊர்கள் அடக்கம். வயல்கள் அடக்கம். ஊராரைக் கேட்டார்களா? இல்லை. 2023-இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, அரிய கனிமங்களை ஏலம் விடும் உரிமையை ஒன்றிய அரசு தன் கையில் எடுத்துக்கொண்டிருந்தது. கேட்க வேண்டிய தேவை இருப்பதாக அது கருதவில்லை.

செய்தி வந்த பதினாறாம் நாள், நவம்பர் 23 அன்று, கிராம சபைகள் கூடின. அரிட்டாபட்டி முதலான ஊராட்சிகளில் மக்கள் திரண்டனர். சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் எழுதினர். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் நோக்கி உழவர் கூட்டம் நடைபோட்டது. சனவரி 23 அன்று ஏலம் ரத்து என்று கனிம அமைச்சகம் அறிவித்தது. வெற்றி! மக்கள் மன்றம் பெற்ற மாபெரும் வெற்றி!

வெற்றியைக் கொண்டாடியாயிற்று. இனி அதைக் கூர்ந்து பார்ப்போம், தோழரே. வழக்கப்படி அந்தக் கிராம சபை நவம்பர் 1 அன்று கூடியிருக்க வேண்டும். தீபாவளி விடுமுறையை ஒட்டி அது 23-ஆம் நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. வழக்கமான நாளில் கூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஏலச் செய்தி ஆறு நாள் கழித்தன்றோ வந்திருக்கும்! அடுத்த வழக்கமான கூட்டம் சனவரி 26. இடையில் சிறப்புக் கூட்டம் கேட்டுப் போராடியிருக்கலாம். அதற்கும் ஒரு போராட்டம் வேண்டியிருந்திருக்கும். தற்செயலாய் வாய்த்த ஒரு தேதி மக்களுக்குத் துணை நின்றது. ஒவ்வொரு முறையும் தீபாவளி வந்து நம்மைக் காக்குமா?

இன்னொன்றையும் பாருங்கள். எதிர்ப்பு வலுத்ததும், டிசம்பர் 24 அன்று, பாரம்பரியத் தலத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு எல்லையை மாற்றி வரையலாம் என்ற யோசனை டில்லியிலிருந்து கிளம்பியது. அதன் பொருள் என்ன? அரசிதழில் ஏறியிருந்த 193 எக்டேருக்கு டில்லியும் தயங்கியது. அரசிதழில் ஏறாத மற்ற நிலத்துக்கு அந்தத் தயக்கமும் இல்லை! அந்த மீதி நிலத்தை ஏட்டில் எழுதிய காவல் எதுவும் காக்கவில்லை. தெருவில் இறங்கிய மக்களே காத்தனர். மக்கள் எல்லா நாளும் தெருவில் நிற்க முடியாது. களை எடுக்க வேண்டும், கதிர் அறுக்க வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். ஆகவே அவர்கள் வீட்டில் இருக்கும் நாளிலும் நிலத்தைக் காக்க ஓர் ஏடு வேண்டும். ஆபத்து வருமுன்பே அந்த ஏட்டை எழுதி வைப்பதுதான் நிலம் காக்கும் குழுவின் முதல் வேலை.

எந்த ஏடு? தாலுகா அலுவலகத்தில் ‘அ’ பதிவேடு என்று ஒன்று உண்டு. ஊரின் ஒவ்வொரு புல எண்ணும், பரப்பும், வகைப்பாடும் அதில் இருக்கும். ஏரி, வாய்க்கால், மேய்க்கால், மந்தைவெளி, வண்டிப்பாதை, தீர்வை ஏற்படாத தரிசு என்று வகைவகையாய் எழுதியிருப்பார்கள். தரிசு என்றால் வீண் நிலமா? ஆடு மேயும் இடம் அது. மழைநீர் கண்மாய்க்கு வழிந்தோடும் இடம் அது. மூலிகை பறிக்கும் இடம் அது. வரி தராத நிலத்தை வீண் நிலம் என்று வெள்ளைக்காரன் எழுதினான். அவன் போய் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. அவன் கணக்கு இன்னும் போகவில்லை!

‘புறம்போக்கு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வரிக்குப் புறம்பாய், ஊர்ப் பொதுவுக்கென விடப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். அந்தச் சொல்லை இன்று வசைச் சொல்லாக்கிவிட்டோம். பொதுச் சொத்தின் பெயரையே ஏச்சாக மாற்றிக்கொண்ட சமுதாயம், அந்தச் சொத்து பறிபோகும்போது எப்படிப் பதறும்? 2011 சனவரி 28 அன்று, பஞ்சாபில் ஒரு கிராமக் குளத்தைப் பற்றிய வழக்கில், ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு இருக்கிறது. தீர்ப்பைக் கையில் ஏந்திக் கேட்பவர் எத்தனை பேர்?

இனி வேலைத் திட்டத்துக்கு வருவோம்.

சனவரி 26: ஊரின் பொது நிலங்களைப் புல எண்ணோடு பட்டியலிட்டு, அதைக் கிராம சபையில் படித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் செய்யுங்கள். பட்டியலுக்கு வேண்டிய விவரம் கிடைக்கவில்லையா? 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் தவணை. ஆகவே டிசம்பரிலேயே மனுப் போட்டுவிட வேண்டும்.

மார்ச் 22: தண்ணீர் நாள். ஏரியின் எல்லை, வரத்துக் கால்வாய், கலுங்கு, மடை ஆகியவற்றின் நிலையைச் சபையின் முன் வையுங்கள். 2007-இல் இயற்றிய ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தின் பெயரைச் சொல்லி, எல்லையை அளந்து கல் நடக் கேளுங்கள்.

மே 1: ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவைப் பற்றிக் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் அந்தக் குழு இருக்க வேண்டும்; மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை அது எழுத வேண்டும். உங்கள் ஊரில் அந்தக் குழு உண்டா? உண்டென்றால், உறுப்பினர் யார் என்று அவர்களுக்காவது தெரியுமா? ஊரில் எந்த மரம், எந்தப் பறவை, எந்த நெல், எந்த மூலிகை என்று சொல்ல ஆடு மேய்க்கும் பெரியவரையும், களை பறிக்கும் தாய்மாரையும் அந்தக் குழுவின் முன் அமர்த்துங்கள். இதே சட்டத்தின் 37-ஆம் பிரிவுதான் பாரம்பரியத் தலம் அறிவிக்க வழி செய்கிறது. உள்ளாட்சியைக் கலந்து மாநில அரசு அறிவிக்கும். அறிவித்தால் மேய்ச்சல் போகும், உழவு போகும் என்று யாரேனும் அச்சமூட்டினால் நம்பாதீர்கள். ஊரார் தாமே மனமுவந்து ஏற்கும் கட்டுப்பாடுகளைத் தவிர, அவர்தம் வழக்கமான வாழ்முறைக்குத் தடை விதிப்பது அதன் நோக்கமன்று. அரிட்டாபட்டிக்குப் பின், திண்டுக்கல் மாவட்டத்தில் காசம்பட்டி கோயில்காடு 2025-இல் இந்தத் தகுதியைப் பெற்றது. அதன் பரப்பு ஐந்து எக்டேருக்கும் குறைவு. ‘எங்கள் காடு சின்னது’ என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மே, சூன் திங்கள்களில் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். சூன் 30 அன்று பசலி ஆண்டு முடிவதற்குள் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் நாட்கள் அவை. பட்டா மாறுதலுக்கும் உதவித்தொகைக்கும் மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஊர்ப் பொது நிலத்துக்காக ஒருவர்கூட நிற்பதில்லை! மேய்க்கால் யார் ஆணையால் வேறு வகையாக மாறியது, வண்டிப்பாதை எந்தப் பட்டாவுக்குள் போயிற்று என்று அன்று மனுக் கொடுங்கள். கணக்கு மேசையில் விரிந்திருக்கும் நாளில் கேட்கும் கேள்விக்குக் கனம் அதிகம்.

சூன் 5 சுற்றுச்சூழல் நாளை நான் பட்டியலில் சேர்க்கவில்லையே என்பீர்கள். மரம் நடுங்கள், யார் வேண்டாமென்றது? ஆனால் மரக்கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொண்டால் போதாது. அந்தக் குழி இருக்கும் நிலம் எந்தப் புல எண்ணில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு நடுங்கள்.

ஆகஸ்டு 15: கொடுத்த மனுக்களின் கதி என்ன என்று சபையில் கேளுங்கள். அக்டோபர் 2: பதில் வராதவற்றைப் பெயர் சொல்லித் தீர்மானமாக்குங்கள். நவம்பர் 1: ஆண்டுக் கணக்கை ஊரார் முன் வையுங்கள்.

“தீர்மானம் வெறும் காகிதந்தானே! அதைக் கண்டு சுரங்க முதலாளி அஞ்சுவானா?” என்று கேட்போர் உண்டு. ஒடிசாவின் நியமகிரி மலையைக் காட்டுகிறேன். டோங்கிரியா கோண்டு பழங்குடியினர் வணங்கும் மலை. அலுமினியத்துக்கான பாக்சைட்டுக்காக அதைத் தோண்டத் திட்டமிட்டனர். கிராம சபைகளே முடிவு கூறட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் உரைத்தது. பன்னிரண்டு சபைகள் கூடின. பன்னிரண்டும் ‘வேண்டாம்’ என்றன. 2014 சனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. அங்கே வன உரிமைச் சட்டம் துணை நின்றது என்பது உண்மை. எல்லா ஊருக்கும் அந்தத் துணை இல்லை என்பதும் உண்மை. ஆனால் தீர்மானம் எழுதிய ஊருக்கு வழக்காட ஒரு சான்று இருக்கிறது. எழுதாத ஊருக்கு அதுவும் இல்லை.

“நாட்டுக்குக் கனிமம் வேண்டாமா?” என்று அடுத்த கணை வரும். வேண்டும். எஃகை வலுவாக்கவும் எந்திரக் கருவிகள் செய்யவும் டங்ஸ்டன் பயன்படுகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. எங்கே எடுப்பது, என்ன இழப்பில் எடுப்பது, யாரைக் கேட்டு எடுப்பது என்பதே நம் கேள்வி. நாட்டின் பெயரால் கேட்பவர், நாட்டு மக்களைக் கேட்க ஏன் கூசுகிறார்? 2006-ஆம் ஆண்டின் அறிவிக்கையில் பொதுமக்கள் கருத்துக்கேட்பு என்று ஒரு கதவு இருந்தது. அரிய கனிமச் சுரங்கங்களுக்கு அந்தக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்களித்து 2025 செப்டம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை விட்டது. குறிப்பாணை ஒன்றால் மூடக்கூடிய கதவு அது. கிராம சபையோ அரசியல் சட்டத்தின் 73-ஆம் திருத்தம் திறந்துவைத்த கதவு. அதை மூடக் குறிப்பாணை போதாது. ஆனால் நாம் நுழையாவிட்டால், திறந்த கதவும் மூடிய கதவும் ஒன்றுதான்!

நுழைபவர் எத்தனை பேர் வேண்டும்? 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர். 3,000 வரை 100. 10,000 வரை 200. அதற்கும் மேலென்றால் 300. இந்த எண்ணிக்கை நிரம்பாமல், வீடுவீடாய்க் கையெழுத்து வாங்கிச் சபையை நடத்தி முடிக்கும் ஊர்களை நீங்களே அறிவீர்கள். ஒரு பொதுக்கூட்டத்துக்கு ஆயிரம் பேரைத் திரட்டும் ஆற்றல் படைத்த தோழர்களால், கிராம சபைக்கு இருநூறு பேரைத் திரட்ட முடியாதா? கட்சி வேறுபாடு அங்கே குறுக்கே வர வேண்டாம். மாற்றுக் கட்சிக்காரரின் மாடும் அதே மேய்க்காலில்தான் மேய்கிறது.

2025 சனவரியில் 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தபோது, “இனி யாரிடம் போய்ச் சொல்வது?” என்று கலங்கியோர் உண்டு. தலைவரின் நாற்காலிக்கு ஐந்தாண்டுக் கெடு. கிராம சபைக்குக் கெடு இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர், உயிருள்ளவரை உறுப்பினர்.

எனவே தோழரே, இந்த ஏட்டை மடித்து வைக்குமுன் மூன்று காரியங்கள் செய்க. உங்கள் ஊரில் அடுத்த கிராம சபை என்று கூடுகிறது எனக் கேட்டறிக. ‘அ’ பதிவேட்டின் நகலுக்கு இன்றே மனு எழுதுக. அந்த நாளில் உடன் வரப் பத்துப் பேரின் பெயரைக் குறித்துக்கொள்க. அதில் ஐந்து பேர் பெண்களாய் இருக்கட்டும், இரண்டு பேர் ஆடு மாடு மேய்ப்பவராய் இருக்கட்டும்.

ஏலக்காரன் உங்கள் ஊர் வரைபடத்தை விரிக்கும் நாள் என்று வருமோ, நமக்குத் தெரியாது. அன்று அவன் விரலை வைக்கும் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நேரே, ‘இது ஊருக்கு உரியது’ என்று ஊரார் எழுதிய தீர்மானம் முன்பே இருக்கட்டும்!