உப்பளத்துக்குப் பக்கத்துல ஒரு நீச்சல் குளம்

துபாய்ல பதினோரு வருஷம் வேலை பார்த்துட்டு எங்க அத்தான் ஊருக்கே திரும்பப் போறார். எட்டயபுரம் ரோட்டுப் பக்கம் மனை வாங்கிப் போட்டு ரொம்ப நாளாச்சு. போன வாரம் வீட்டு பிளான் வாட்ஸ்அப்புல வந்துச்சு. ஹால், மாடி, ரெண்டு கார் நிறுத்த இடம் எல்லாம் சரி. பின்பக்கம் நீலக் கலர்ல ஒரு செவ்வகம். 8 மீட்டருக்கு 4 மீட்டர். கீழே, "எப்படி மாப்ள?"

"குளம் மட்டும் வேண்டாம் அத்தான்"ன்னு எழுதினேன். அன்னைலருந்து குடும்பத்துல எனக்குப் பேரு 'வயித்தெரிச்சல் புடிச்சவன்'. பெங்களூர்ல வாடகை வீட்டுல, பக்கெட்ல மோந்து குளிக்கிறவனுக்கு வயித்தெரிச்சல் இருக்கத்தான் செய்யும், மறைக்கல. ஆனா நான் சொன்னதுக்குக் காரணம் அது இல்லீங்க.

கான்ட்ராக்டர் 14 லட்சம் சொல்லிருக்கார். அத்தான் அதைத்தான் குளத்தோட செலவுங்கிறார். அது வெறும் நுழைவுச் சீட்டுங்கிறேன் நான்.

தூத்துக்குடிக்கு ரயில்ல வந்தவங்களுக்குத் தெரியும். ஊர் நெருங்குறப்போ ரெண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையா குமிச்சு வெச்சிருப்பாங்க. குஜராத்துக்கு அடுத்தபடியா இந்தியாவுல உப்பு அதிகமா விளையிறது நம்ம பக்கம்தான். உப்பு எப்படி விளையுது? பாத்தி கட்டித் தண்ணி நிறுத்திட்டு சும்மா இருந்தா போதும். வெயிலும், ஆடி மாசம் மலைக் கணவாய் வழியா வர்ற வறட்டுக் காத்தும் தண்ணியைக் குடிச்சுரும். மிச்சத்தை வாரிக்க வேண்டியதுதான். தண்ணி ஆவியாகுறதையே தொழிலா வெச்சிருக்கிற ஊர் சார் இது! இந்த ஊர்ல நல்ல தண்ணியை முப்பத்திரண்டு சதுர மீட்டருக்குத் திறந்து வெச்சு, அது நிக்கும்னு நம்புறார் அத்தான். பாத்தியில காசு கொடுக்குற அதே வெயில் இங்க காசு புடுங்கும்.

தொழில் புத்தி விடுமா, எக்செல் ஷீட் போட்டேன். சராசரி ஆழம் 1.4 மீட்டர்னா குளம் ரொம்ப 45,000 லிட்டர் பக்கம் வேணும். நகரத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்ங்கிறது அரசாங்கக் கணக்கு. அப்போ முதல் தடவை ரொப்புறதே ஒரு ஆளோட பதினோரு மாசத் தண்ணி. சரி, ஒருதரம்தானேன்னு விட்டுருவோம். நம்ம பக்கம் திறந்த தண்ணி ஒரு நாளைக்கு 5, 6, காத்துக் காலத்துல 8 மில்லிமீட்டர்கூட இறங்கும். 6ன்னே வெச்சுக்கிட்டேன். ஒரு நாளைக்கு 192 லிட்டர். யாரும் குளிக்கல, யாரும் குடிக்கல, காத்து மட்டும் தினம் ஒரு ஆளோட பங்குக்கு மேல எடுத்துட்டுப் போவுது. வருஷத்துக்கு 70,000 லிட்டர், அதாவது ஒன்றரைக் குளம். மழையில கொஞ்சம் திரும்பி வரும். ஆனா நம்ம ஊர் மழை ஐப்பசி, கார்த்திகையில மொத்தமாப் பெய்ஞ்சு வழிஞ்சு ஓடுற மழை. சித்திரைக்கு அது உதவாது.

இதுக்கு மேல ஃபில்டரைக் கழுவ வாரம் ஒருதரம் பேக்வாஷ். அதுல 500 லிட்டராவது சாக்கடைக்குப் போகும். ஒரு குதிரைசக்தி மோட்டார் தினம் ஆறு மணி நேரம் ஓடினா, ரெண்டு மாசக் கரண்ட் கணக்குல 270 யூனிட் கூடும். வெயில்ல குளோரின் நிக்காது, ஸ்டெபிலைசர் போடலைன்னா ரெண்டு மூணு மணி நேரத்துல பெரும்பகுதி காலி. பிஎச் 7.2க்கும் 7.8க்கும் நடுவுல நிக்கணும், அதுக்கு ஆசிட். உப்புக் காத்துல ஏணியும் மோட்டார் பெட்டியும் துருப்பிடிக்கிற கதை தனி. துறைமுகத்துப் பக்கம் நிக்கிற பைக்கைப் பார்த்தாலே தெரியும்.

"கவர் போட்டுருவேன் மாப்ள"ன்னார். கவர் போட்டா ஆவியாகுறது நல்லாவே குறையும், ஒத்துக்கிறேன். ஆனா ஆடிக் காத்துல மொட்டை மாடியில காயப்போட்ட வேட்டி பக்கத்துத் தெருவுக்குப் போற ஊர்ல, அந்த கவரை தினம் இழுத்து மூடுறது யாரு? அக்காவா?

அடுத்த ஐடியா, "போர் போட்டு உப்புத் தண்ணியே ரொப்பிருவோம்." இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு தாங்கல. ஆவியாகுறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளேயே கிடக்கும். டிடிஎஸ் 5,000 இருக்கிற போர்த் தண்ணியை ஊத்திக்கிட்டே இருந்தா (பேக்வாஷும் மழையும் கொஞ்சம் குறைக்கும், அதை விட்டுருங்க) ரெண்டு வருஷத்துல கடல் தண்ணியோட பாதி உப்பைத் தாண்டிரும். நாலு வருஷத்துல கடலே வந்துரும். அப்புறம் நீந்த வேண்டாம், உப்பு வாரலாம்.

இவ்வளவுக்கும் அத்தான்கிட்ட ஒரே பதில்தான். "என் காசு. லாரித் தண்ணி வாங்கிக்கிறேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

லாரிக்காரர் தண்ணியைச் செய்யல அத்தான். எங்கயோ ஒரு கிராமத்துக் கிணத்துல மோட்டார் வெச்சு உறிஞ்சிட்டு வர்றார். நீங்க கொடுக்குறது டீசலுக்கும் டிரைவருக்கும். அந்தக் கிணத்துக்குப் பக்கத்துத் தோட்டக்காரருக்கு நீங்க ஒரு பைசா கொடுக்கல. குழாய்த் தண்ணின்னாலும் அதே கதைதான். முப்பது கிலோமீட்டர் போல தள்ளி வல்லநாட்டுல தாமிரபரணியில எடுத்து ஊருக்குக் குழாய் போட்டது 1927ல. நகராட்சித் தலைவரா இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து மல்லுக்கட்டிக் கொண்டு வந்த திட்டம். இன்னைக்கும் ஊர் அவரைக் கும்பிடுறது தண்ணிக்காகத்தான். 2017 வறட்சியில நான் காலேஜ் ஹாஸ்டல்லருந்து போன் பண்ணா, அம்மா "சாப்டியா"ன்னு கேக்குறதுக்கு முந்தி "இன்னைக்குத் தண்ணி வந்துச்சுல"ம்பாங்க. காலண்டர்ல தண்ணி வந்த நாளுக்கு வட்டம் போட்டிருந்தாங்க. அந்த மாசத்துல வட்டம் ரொம்பக் கம்மி.

நியாயமா ஒண்ணு சொல்லணும். "ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுலருந்து ஆலைகளுக்குன்னே 20 எம்ஜிடி திட்டம் போட்டானே, அதைக் கேட்டியா? என் தொட்டியைக் கேக்க வந்துட்டே"ன்னு அத்தான் மடக்கினார். 20 மில்லியன் கேலன்னா ஒரு நாளைக்கு 9 கோடி லிட்டர். அதுக்கு முன்னாடி அத்தான் குளம் ஒரு சொட்டுதான், எனக்குப் பதில் வரல. ராத்திரி பூரா யோசிச்சு மறுநாள் சொன்னேன்: ஆலையை எதிர்த்து விவசாயிங்க கோர்ட்டுக்குப் போனப்போ நாமளும்தானே நியாயம் பேசினோம். பின்பக்கம் குளம் வெட்டிட்டு இனிமே எந்த வாயால பேசுவீங்க?

இதுல வேடிக்கை, தண்ணி இல்லாத ஊர்லயே தண்ணி வந்தும் கெடுக்கும். 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. தூத்துக்குடியில பல தெருவுல நாள் கணக்கா சாக்கடையோட சேர்ந்து நின்னுச்சு. அப்படி ஒரு தண்ணி குளத்துக்குள்ள புகுந்தா மொத்தத்தையும் இறைச்சுக் கொட்டணும். நிலத்தடி நீர் மேல வந்து நிக்கும்போது காலி பண்ணினீங்களோ, காங்கிரீட் தொட்டியே தோணி மாதிரி மேல தூக்கும். விரிசல் விட்டா அந்த 14 லட்சம் மறுபடியும்.

சின்னவளுக்கு மூணு வயசு. கொல்லைக் கதவு திறந்து கிடக்குற ரெண்டு நிமிஷத்துக்கு எக்செல்ல காலம் இல்ல. அதை அத்தான்கிட்ட சொல்லல, அக்காகிட்ட மட்டும் சொன்னேன். அவ ஒண்ணும் பேசல.

புள்ளைங்க நீச்சல் கத்துக்கணும்னா கத்துக்கட்டும். 1961 வரைக்கும் முத்துக் குளிச்ச கடற்கரை இது. மூச்சை அடக்கி அடியில போய்ச் சிப்பி பொறுக்கினவங்க யாரும் டைல்ஸ் ஒட்டின தொட்டியில கத்துக்கல.

நேத்து ராத்திரி திருத்தின பிளான் வந்துச்சு. நீலச் செவ்வகம் 6க்கு 3 ஆயிருக்கு. "இப்ப சரியா மாப்ள?"

18 சதுர மீட்டர், 6 மில்லிமீட்டர். ஒரு நாளைக்கு 108 லிட்டர். 'அம்மா ஒரு நாளைக்குப் புழங்குறது இவ்வளவு வராது அத்தான்'னு அனுப்பிருக்கேன். ரெண்டு நீல டிக் விழுந்துருச்சு. பதில் இன்னும் வரல.