பழைய கணினிக்குப் புதிய ராம்

பத்துப் பன்னிரண்டு வருஷம் உழைத்துவிட்டுத் தள்ளாடத் தொடங்கிய மேஜைக் கணினிக்கு இன்னும் கொஞ்சம் ராம் போட்டால் சில காலம் ஓடும் என்று உத்தேசித்து, சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஒன்றை வாங்கிவந்து செருகுகிறவர், திரை இருண்டே கிடக்கப் பெட்டிக்குள்ளிருந்து 'பீப், பீப்' என்ற சத்தம் மட்டும் எழுமானால், ராம் பழுது என்றோ கணினியின் ஆயுள் முடிந்தது என்றோ உடனே தீர்மானித்துவிடுகிறார். என் அபிப்பிராயத்தில் இரண்டும் அவசரத் தீர்ப்புகளே.

2008-இல் வெளிவந்து, கோர் 2 டூயோ காலத்துக் கணினிகள் பலவற்றில் இடம்பெற்ற இன்டெல் ஜி41 சிப்செட்டைக் கவனியுங்கள். டிடிஆர்3 வகையில் அது அறிந்ததெல்லாம் 2 கிகாபிட் வரையிலான சிப்கள் மாத்திரமே. ஆகவே 4 ஜிபி ராம் ஒன்று அத்தகைய சிப்கள் 16-ஐ இரு புறமும் தாங்கி வருமானால் அதைச் சந்தோஷமாக ஏற்கும் போர்டு, அதே 4 ஜிபி பிற்காலத்து 4 கிகாபிட் சிப்கள் எட்டினால் ஆகியிருந்தால் துவங்கவே மறுத்துவிடுகிறது. விசித்திரம் என்னவென்றால், திருப்பிக் கொண்டுபோனால் கடைக்காரர் தம்மிடமுள்ள சற்றுப் பிந்திய போர்டில் அதைச் செருகி ஓட்டிக் காட்டுவார். வாங்கியவர் சொல்வதும் சத்தியம், விற்றவர் சொல்வதும் சத்தியம், நஷ்டம் மட்டும் வாங்கியவருக்கு!

டிடிஆர்2-க்கும் டிடிஆர்3-க்கும் பின்கள் 240-தான். ஆனால் வெட்டுப்பள்ளம் இருக்கும் இடம் வேறு, மின்னழுத்தமும் 1.8 வோல்ட், 1.5 வோல்ட் என்று வேறு. அழுத்தினால் நுழைந்துவிடும் என்று பலப்பிரயோகம் செய்தால் ஸ்லாட்தான் உடையும். 32-பிட் விண்டோஸ் உள்ள கணினியில் 4 ஜிபி போட்டும் மூன்றேகாலோ மூன்றரையோதான் பயன்பாட்டுக்குக் கிடைக்கிறதென்றால் அதுவும் பழுதன்று. 32 பிட்டால் குறிக்கக்கூடிய முகவரிகளில் ஒரு பகுதியைக் கிராஃபிக்ஸ் முதலிய சாதனங்கள் எடுத்துக்கொண்டுவிடுகின்றன.

சோதிக்கும் முறையோ எளிது. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பழைய ராமைக் கழற்றி, புதியதைத் தனியாக ஒவ்வொரு ஸ்லாட்டிலும் செருகிப் பார்க்கலாம், நம் மெக்கானிக்குகள் பரம்பரையாகச் செய்துவருவதுபோல் அதன் பொன்முலாம் விளிம்பை ரப்பரால் மெல்லத் துடைக்கலாம் (படித்தவர்கள் இதைப் பரிகசிப்பதுண்டு, பல கணினிகளை உயிர்ப்பித்தது இதுதான்). பட்டன் பேட்டரியைச் சற்று நேரம் எடுத்துவைத்து பயாஸை ஆதி நிலைக்குக் கொண்டுவரலாம். துவங்கிய பின்னும் அடிக்கடி நின்றுபோனால், மெம்டெஸ்ட் நிரலை ஓர் இரவு முழுவதும் ஓடவிட வேண்டும். அதில் பிழை தென்பட்டால், வேகம், மின்னழுத்த அமைப்புகளையும் மற்றொரு கணினியையும் கொண்டு அதை உறுதிசெய்துகொண்ட பிறகே ராமைப் பழுதென்று சொல்வது நியாயம்.

இவ்வளவு சிரமமும் வாங்குகிறவர் தலையிலேயே விழுவதுதான் எனக்குச் சம்மதமில்லை. பழைய வகை ராம் விற்கும் கடைகள் சிப்களின் எண்ணிக்கையையும் கொள்ளளவையும் பில்லிலேயே எழுதித் தர வேண்டும். போர்டுக்குப் பொருந்தாவிட்டால், பழுதில்லை என்ற காரணத்தைக் காட்டித் தட்டிக்கழிக்காமல் மாற்றித் தரவும் வேண்டும். வாங்குகிறவர்களும் வீட்டைவிட்டுப் புறப்படுமுன் மதர்போர்டின் மாடல் எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போவார்களாக.