அடி டிரம்முக்கு மட்டும்!

ஆகஸ்டு 15-ந்தேதி நெருங்கினால் போதும். சென்னைப் பள்ளிக்கூட மைதானங்களில் காலை ஏழு மணிக்கே "டம் டம்" சத்தம் கேட்கும். கொடியேற்றத்துக்குப் பேண்டு வாத்தியக் குழு தயாராகிறது. பெரிய டிரம், சைடு டிரம், சிம்பல், டிரையாங்கிள், புல்லாங்குழல், பியூகிள்... தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

சில மைதானங்களில் டிரம் சத்தம் நின்றதும் இன்னொரு சத்தம் கேட்கும். "பளார்!"

கால் மாற்றி வைத்தால் அறை. லேட்டாக வந்தால் வெயிலில் முட்டி போட வேண்டும். குச்சி கீழே விழுந்தால் அதே குச்சியால் விரல் மேல் ஒன்று.

"அடிக்காம எப்படி சார் வரிசை நிக்கும்? நாங்களும் அடி வாங்கித்தானே கத்துக்கிட்டோம்!" வழக்கமாக வருகிற பதில் இது.

பாதி நியாயம்

இந்தப் பதிலில் பாதி நியாயம் உண்டு. கட்டுப்பாடு இல்லாத பேண்டு, பேண்டே அல்ல, வெறும் கூச்சல். முப்பது பேர் வாசிக்கும்போது ஒருத்தன் தாளம் தவறினால் முப்பது பேருக்கும் கெட்ட பெயர். வரிசையில் நின்று பக்கத்துப் பையன் மண்டையில் குச்சியால் தட்டி விளையாடுகிறவனை அடக்கத்தான் வேண்டும்.

ஆனால் கட்டுப்பாடு வேறு, அடி வேறு.

சைடு டிரம் வாசிக்கிற பையனைக் கேட்டுப் பாருங்கள். உருட்டி வாசிக்க மணிக்கட்டு தளர்வாக இருக்க வேண்டும். குச்சி டிரம்மில் பட்டுத் தானாகத் துள்ள வேண்டும். பயத்தில் விறைத்துப் போன கையில் அது வராது. அடி வாங்கிய பையன் காதில் தாளம் விழாது. மாஸ்டர் நடந்து வரும் ஷூ சத்தம்தான் விழும்!

சட்டமும் அடிக்கு இடம் கொடுக்கவில்லை. 2003-லேயே தமிழக அரசு கல்வி விதியைத் திருத்தி, மாணவரை அடிப்பதற்குத் தடை போட்டது. 2010-ல் அமலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-வது பிரிவு, குழந்தைகளை அடிக்கவும் கூடாது, மனம் நோகச் செய்யவும் கூடாது என்கிறது. வகுப்புக்கு ஒரு சட்டம், மைதானத்துக்கு ஒரு சட்டம் என்று கிடையாது.

"நீ பாத்துக்கடா"

டிரில் மாஸ்டர் பாடும் கஷ்டம்தான். விளையாட்டுப் போட்டி, பிரேயர், தேர்வு வேலை எல்லாம் அவர் தலையில். அதனால் "நீ பாத்துக்கடா" என்று ஒரு பிளஸ் டூ பையனிடம் பேண்டை ஒப்படைத்துவிட்டுப் போய்விடுகிறார். ஆபத்து அங்கேதான் ஆரம்பம்.

சீனியர் அதிகாரம் எங்கே போய் முடியும் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியாததா? 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு, சீனியர் மாணவர் கையால் கொலையுண்டார். அதற்குப் பிறகுதான் 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது.

பேண்டுக்குள்ளேயே உயிர் போனதும் உண்டு. அமெரிக்காவில் புளோரிடா ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் பேண்டு மிகவும் புகழ் பெற்றது. 2011 நவம்பர் 19-ந்தேதி ஆர்லாண்டோ நகரில் ஒரு போட்டிக்கு வாசித்துவிட்டுத் திரும்பியவர்கள், நிறுத்தி வைத்திருந்த பஸ்சுக்குள் ராபர்ட் சாம்பியன் என்ற 26 வயது மாணவரை அடித்தார்கள். பேண்டில் வழிவழியாக வந்த "பழக்கம்" அது. அடித்தவர்கள் எல்லாம் சக வாத்தியக்காரர்கள். அன்றிரவே அவர் செத்துப் போனார். இத்தனைக்கும் அவர் பேண்டை முன்னால் நின்று நடத்தும் டிரம் மேஜர்! அந்தப் பேண்டு 2013 வரை முடக்கப்பட்டது. ஒருவருக்கு 2015-ல் ஆறு ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது.

நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவ்வளவு தூரம் போகாது என்று சொல்லலாம். ஆனால் இரண்டுக்கும் ஆரம்பம் ஒன்றுதான். எழுதி வைக்காத சட்டம். கேட்க ஆளில்லாத சீனியர்.

ஒரு தாள் போதும்

பெரிய செலவு ஒன்றும் இல்லை. பேண்டில் பெயர் கொடுக்கிற அன்றே ஒரு தாளில், புரிகிற தமிழில், சட்டத்தை எழுதிக் கொடுக்கட்டும். மாணவனும் பெற்றோரும் கையெழுத்துப் போடட்டும்.

எத்தனை நாள் வராவிட்டால் அணிவகுப்பில் இடம் கிடையாது என்று அதில் இருக்கட்டும். அது கவுன்சிலர் மகனுக்கும் உண்டு, காய்கறிக்காரர் மகனுக்கும் உண்டு. பயிற்சிக்கே வராத பையன், அப்பா வந்து சிபாரிசு செய்தால் முன்வரிசையில் நிற்பதைப் பார்க்கும் மற்ற பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள்?

தப்பு செய்தால் முதலில் தனியாகக் கூப்பிட்டு எச்சரிக்கை. மறுபடி செய்தால் அன்றைய பயிற்சியில் டிரம்மைத் தொடாமல் உட்கார வேண்டும். மூன்றாம் முறை பெற்றோருக்கு ஆள் அனுப்பலாம். அடி, முட்டி, பட்டப்பெயர் எதுவும் கூடாது. சீனியர் சொல்லிக் கொடுக்கலாம், தண்டிக்கக் கூடாது.

வாத்தியத்துக்கு நம்பர் போட்டு நோட்டில் கையெழுத்து வாங்கட்டும். வாசித்து வாசித்து டிரம் கிழிந்தால் அது பையன் குற்றமல்ல. வேண்டுமென்றே கிழித்தால் மட்டும் விசாரிக்கலாம்.

இன்னொன்று முக்கியம். லேட்டாக வருகிறவன் எல்லாம் சோம்பேறி அல்ல. விடியற்காலை அப்பாவோடு பால் பாக்கெட் போடப் போய்விட்டு ஓடி வருகிற பையனும் அந்த வரிசையில் நிற்கிறான். வெள்ளை ஷூ வாங்க வழியில்லாமல் பின்னால் ஒளிகிறவனும் நிற்கிறான். "ஏண்டா லேட்டு?" என்று ஒரு வார்த்தை கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். கேட்காமல் கை ஓங்கினால், அடுத்த நாள் அவன் பேண்டுக்கு வரமாட்டான். சில நாளில் பள்ளிக்கூடத்துக்கே வராமல் போனாலும் போவான்.

பெற்றோர்களே! "நல்லா அடிங்க சார், கண்ணை மட்டும் விட்டுடுங்க" என்று சொல்வதை நீங்களும் விட்டுவிடுங்கள்.

அடுத்த கொடியேற்றத்துக்கு முன்னால் அந்த ஒரு தாளை எழுத ஹெட்மாஸ்டர்களுக்கு அரை மணி நேரம் போதும். எழுதுவார்களா? எழுதினார்களா என்று கல்வி இலாகா பார்க்குமா?