லேபிளில் இல்லாத ஒரு வரி

வாணியம்பாடியைத் தாண்டி நாட்றம்பள்ளி வழியாகக் கிருஷ்ணகிரிப் பக்கம் போகும் நெடுஞ்சாலையில் ரைடிங் ஜாக்கெட் போட்ட பைக் ஓட்டிகள் இப்போது அபூர்வமில்லை. ஞாயிறு காலையில் ஏலகிரி ஏறப் போகிறவர்கள், ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் ஊர் திரும்புகிறவர்கள் என்று பலரும் போடுகிறார்கள். தோலுக்குப் பேர்போன வட்டாரம்தான், ஆனாலும் அவர்கள் உடம்பில் இருப்பது பெரும்பாலும் துணி ஜாக்கெட். நம் வெயிலில் தோல் ஜாக்கெட்டைப் போட்டு ஓட்டுவது தண்டனை. மழையில் ஊறினால் காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். துணி ஜாக்கெட் விழுந்தால் உடம்பைக் காக்கிறது, மழையிலும் கைகொடுக்கிறது. இளைஞர்கள் இதற்குப் பணம் செலவழிப்பது எனக்கு மனநிறைவு தருகிற செய்தி.

தோலுக்கும் துணிக்கும் பூச்சு போடும் வேதியியல் என் தொழில். அதனால் இந்த ஜாக்கெட்டுகளைப் பற்றிய ஒரு புகார் அடிக்கடி என் காதுக்கு வருகிறது: “முதல் வருஷம் ஒரு சொட்டு இறங்கல, இப்ப அரைமணி நேர மழைக்கே உள்ளே நனைஞ்சிடுது.” ஏழெட்டாயிரம் ரூபாய் போட்டு வாங்கியதை மூலையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தேடுகிறார்கள். பெரும்பாலான ஜாக்கெட்டுகளில் கிழிசல் எதுவும் இருப்பதில்லை. அவை அழுக்காக இருக்கின்றன, அவ்வளவுதான். துவைத்தால் பாதிக் குறை தீர்ந்துவிடும். மீதிக்குப் போடும் பூச்சு எது என்று கேட்கத்தான் நாம் இன்னும் பழகவில்லை. அதைக் கேட்க வேறு எந்த ஊரையும்விட இந்தப் பாலாற்றுக்கரைக்கு அதிக உரிமை இருக்கிறது.

ஜாக்கெட்டின் வெளித்துணி பாலியெஸ்டர் அல்லது நைலான். அது தானாக மழையைத் தடுப்பதில்லை. உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வோ, தனியாகக் கழற்றி மாட்டும் ரெயின் லைனரோதான் நீரை நிறுத்துகிறது. வெளித்துணிமேல் இருப்பது நீர் விலக்குப் பூச்சு. மழைத்துளி பரவாமல் முத்தாகத் திரண்டு உருண்டு விழுவது இந்தப் பூச்சினால். வியர்வை உப்பும் தூசியும், லாரிச் சக்கரம் வாரி இறைக்கும் சேற்றோடு வரும் டீசல் புகைக்கரியும் எண்ணெயும் சேர்ந்து படியும்போது பூச்சு மூடப்படுகிறது, தேய்கிறது. துணி நீரைக் குடிக்கத் தொடங்குகிறது. சவ்வு நன்றாகவே இருந்தாலும், ஊறிய துணியைத் தாண்டி வியர்வை ஆவி வெளியேற முடியாமல் உள்ளேயே குளிர்ந்து நீராகிறது. மழை ஒழுகிவிட்டது என்று ஓட்டுபவர் நினைக்கிறார். நனைந்திருப்பது அவருடைய வியர்வையிலேயே.

சோதிப்பது எளிது. தோளிலும் முன்கையிலும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். துளி உருண்டால் பூச்சு இருக்கிறது. துணி கறுத்து ஊறினால் துவைக்க வேண்டும். தையலின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் டேப் உரிந்து செதில் செதிலாக வந்தால் மட்டும் கதை வேறு. அது டேப்பில் உள்ள பாலியூரித்தேன் ஈரத்திலும் வெப்பத்திலும் சிதைந்துபோனதன் அடையாளம். எந்தப் பூச்சாலும் அதைச் சரிசெய்ய முடியாது. நனைந்த ஜாக்கெட்டைச் சுருட்டிப் பைக்குள் நாள்கணக்கில் வைப்பவர்களுக்கு அது சீக்கிரமே வரும்.

துவைப்பதற்குப் பயப்பட வேண்டாம். தோள், முழங்கை, முதுகுப் பேடுகளையும் லைனர்களையும் கழற்றிவிடுங்கள். எந்தப் பேடு எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்வது நல்லது. பேடுகளை ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஜிப்புகளையும் வெல்க்ரோவையும் மூடுங்கள். திறந்த வெல்க்ரோ வலைத்துணியைப் பிய்த்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். மழை ஆடைக்கென்று விற்கும் திரவச் சோப்பு கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காவிட்டால் வாசனையும் ப்ளீச்சும் இல்லாத திரவச் சோப்பு கொஞ்சமாக. துணியை மென்மையாக்கும் திரவம் கூடவே கூடாது, அது இழைமேல் படிந்து நீரை இழுக்கும். சங்கிலி கிரீஸ் பட்ட இடத்தைப் பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ துடைப்பவர்களைப் பார்க்கிறேன், மனம் பதறுகிறது. அவை சவ்வையும் அதை ஒட்டியிருக்கும் பசையையும் கெடுக்கக்கூடியவை. கையால் அமுக்கி அலசுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள்.

நம் பகுதியில் துவைப்பதைவிட அலசுவதுதான் சிரமம். இங்கே நிலத்தடி நீர் பாறை நிலத்தில் ஊறி இயல்பாகவே கடினமானது. அதோடு தோல் பதனிடும் டேனரிகள் சேர்த்த உப்பு. பச்சைத் தோல் கெடாமலிருக்க அதில் உப்பைத் தடவி அனுப்புவார்கள். பதனிடுவதற்கு முன் ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பில் பெரும்பகுதி கழிவுநீரில் இறங்கும். பல பத்தாண்டுகளாக அது மண்ணுக்கும் கிணறுகளுக்கும் போயிற்று. இந்தத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது. கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காகித் துணியிலேயே ஒட்டும். வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்து காயும் ஜாக்கெட்டை இங்கே எல்லாரும் பார்த்திருப்போம். அந்தப் பிசுக்கு துணியின் துளைகளை அடைக்கும், புதுப் பூச்சையும் சரியாகப் பிடிக்க விடாது. கடைசி இரண்டு அலசலுக்காவது மழைநீரைப் பிடித்து வைத்துப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஒரு கேன் தண்ணீர் வாங்குவது வீண் செலவு ஆகாது.

அலசி, நீர் வடிந்ததும் முதலில் நிழலில் காயவிட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். லேபிள் அனுமதித்தால் மேலே ஒரு பருத்தித் துணியை விரித்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால், பழைய பூச்சே பலமுறை உயிர்பெறும். ஒளிரும் பட்டைகளின் மேல் மட்டும் இஸ்திரி படக்கூடாது. அதற்குப் பிறகும் ஊறினால்தான் புதுப் பூச்சு. உள்ளே லைனிங் உள்ள ஜாக்கெட்டுக்கு வெளியே தெளிக்கும் ஸ்பிரே நல்லது. தண்ணீரில் கலந்து முக்கும் வகை உள்துணியையும் நீரை விலக்கச் செய்துவிடும், வியர்வை உறிஞ்சப்படாது. நீரில் கரைந்த வகையாக இருந்தால் துணியை மறுபடி நனைத்து, ஈரமாக இருக்கும்போதே தெளித்து, சில நிமிடம் விட்டு மிச்சத்தைத் துடைத்துவிடலாம். படிகாரக் கரைசலிலும் சோப்புக் கரைசலிலும் துணியை மாற்றி மாற்றி முக்கி நீர் இறங்காமல் செய்யும் பழைய முறை வேதியியல்படி சரியானதே. கித்தானுக்கு அது ஏற்றது. சவ்வு உள்ள ஜாக்கெட்டில் முயல வேண்டாம்.

இனி அந்த ஸ்பிரேயில் என்ன இருக்கிறது என்பதற்கு வருவோம். பல பத்தாண்டுகளாக மிகச் சிறப்பாக வேலை செய்த நீர் விலக்குப் பூச்சுகள் ஃப்ளோரின் சேர்மங்கள். கார்பனும் ஃப்ளோரினும் பிணையும் பிணைப்பு வேதியியலில் மிக வலுவான ஒன்று. ஃப்ளோரின் போர்த்திய பரப்பின் ஆற்றல் மிகக் குறைவு என்பதால் அதில் நீரும் எண்ணெயும் ஒட்டுவதில்லை. அந்தப் பிணைப்பின் வலிமையால்தான் மண்ணிலோ ஆற்றிலோ சாதாரணச் சுத்திகரிப்பு நிலையத்திலோ அது சிதைவதுமில்லை. எட்டு கார்பன் சங்கிலி வகையைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.எஸ்., நிலைத்த கரிம மாசுப் பொருள்களுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் 2009-இல் சேர்ந்தது, பி.எஃப்.ஓ.ஏ. 2019-இல். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023-இல் பி.எஃப்.ஓ.ஏ.-வை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது. தொழில்துறை ஆறு கார்பன் சங்கிலிக்கு மாறியது. அதிலிருந்து உருவாகும் பொருளையும் ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கட்டுப்படுத்தி, பொதுமக்களுக்கான ஆடைகளிலும் காலணிகளிலும் 2026 அக்டோபர் முதல் தடை என்று நாள் குறித்தது. ஆகவே ‘பி.எஃப்.ஓ.ஏ. ஃப்ரீ’ என்று டப்பாவில் இருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். ஃப்ளோரினே இல்லை என்று சொல்கிறதா என்று பாருங்கள்.

ஃப்ளோரின் இல்லாத மெழுகு, சிலிக்கோன், அக்ரிலிக் வகைப் பூச்சுகளுக்கு ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. அவை நீரை விலக்கும், எண்ணெயை விலக்காது. லாரிகள் நிறைந்த நெடுஞ்சாலையில் ஓடும் ஜாக்கெட் சீக்கிரம் அழுக்கேறும், அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும். பைக் ஓட்டுபவருக்குத் தேவை மழையை விலக்குவது. கூடுதலாக இரண்டு முறை துவைப்பது பெரிய விலையல்ல.

இதையெல்லாம் இந்த வட்டாரத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1989-இல் ஜெர்மனி பென்டாகுளோரோஃபீனால் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தடைசெய்தது. ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்றதும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஏற்றுமதி ஆடிப்போனது. அடுத்து 1994-இல் சில அசோ சாயங்களுக்குத் தடை. நம் தொழில் பதறியது, பின்பு மாறியது. சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் மாற்றுப் பொருள்களும் சோதனை முறைகளும் உருவாயின. 1997-இல் அந்தச் சாயங்களை இந்தியாவே தடைசெய்தது. இன்றைக்கும் ஆம்பூரிலிருந்து ஐரோப்பா போகும் ஒவ்வொரு ஷூவும் வாங்குபவர் கொடுத்த தடைப்பட்டியலுக்கு உட்பட்டே போகிறது. ஃப்ளோரின் சேர்மங்களும் அந்தப் பட்டியல்களில் ஏறிவிட்டன.

ஐரோப்பியக் காலுக்குப் போகும் தோலில் இருக்கக் கூடாததை, அந்த ஷூவைத் தைத்தவரின் மகன் போடும் ஜாக்கெட்டில் மட்டும் கேட்பாரில்லை. இது எனக்குச் சகிக்கவில்லை. இந்தியாவில் 2018-இல் வந்த நிலைத்த கரிம மாசுப் பொருள்கள் விதிகள் ஏழு வேதிப்பொருள்களைத் தடைசெய்தன. அந்த ஏழில் ஒன்றுகூட இந்த ஃப்ளோரின் குடும்பம் இல்லை. ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடிப் பார்க்கப் பழகியிருக்கிறோம். ஜாக்கெட்டின் லேபிளிலோ துணி என்ன, சூடு எவ்வளவு என்பதற்கு மேல் எதுவும் இருப்பதில்லை.

டேனரிக் கழிவால் பாலாற்றுக்கு நேர்ந்தது வழக்காகி, 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் மனுவில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டேனரி வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமாகவோ பாழானது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது நம் ஆற்றின் பெயரால். 2025 ஜனவரி 30-ஆம் தேதியும் அதே நீதிமன்றம் அதே ஆற்றுக்காக மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. உப்பையும், பதனிடுவதில் பயன்படும் குரோமியத்தையும் அளப்பதற்குள் ஒரு தலைமுறை போய்விட்டது. ஃப்ளோரினுக்கும் அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஜாக்கெட்டும் ஸ்பிரேயும் விற்கும் நிறுவனங்கள், பூச்சில் ஃப்ளோரின் உண்டா இல்லையா என்று லேபிளில் தமிழிலும் ஒரு வரி அச்சிட வேண்டும். ஒன்றிய அரசு 2018 விதிகளின் பட்டியலில் இந்தச் சேர்மங்களைச் சேர்க்க வேண்டும். ஷூ மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகங்களில் உள்நாட்டில் விற்கும் மழை ஆடைகளின் மாதிரிகளையும் சோதித்து முடிவை வெளியிடலாம். மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுக் கிணறுகளில் குரோமியத்தைத் தேடுவதோடு இந்த ஃப்ளோரின் சேர்மங்களையும் சேர்த்துத் தேட வேண்டும். அதற்கான கருவிகள் சென்னையிலேயே இருக்கின்றன.

(கட்டுரையாளர்: தோல், துணிப் பூச்சு வேதியியலாளர்)