விலாசத்தை வாரி இறைக்கலாமா?

டாலிகஞ்சிலும் சரி, அபர்டீன் பஜாரிலும் சரி, பாரம் நிரப்பித் தரும் ஜெராக்ஸ் கடைகளில் நம்மவர் பலர் செய்யும் காரியம் கவலை தருவதாகும். கப்பல் டிக்கெட்டுக்கோ வேலை விண்ணப்பத்துக்கோ போகிறவர், தமது மின்னஞ்சல் விலாசத்தையும் கூடவே பாஸ்வேர்டையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார். சீட்டு மேஜையிலேயே கிடக்கிறது. வீட்டுச் சாவியை யாராவது இப்படி விட்டுப் போவார்களா?

2020 ஆகஸ்ட் 10-ம் தேதி சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்து சேரும்வரை தீவுகளுக்குச் செயற்கைக்கோள் தொடர்பே கதி. ஒரு கடிதத்தைத் திறக்கவே பொறுமை வேண்டும். இன்று கடல் தாண்டிக் கடிதம் நொடியில் வருகிறது. குப்பையும் அப்படியே வருகிறது.

இந்தக் குப்பைக்கு வயது அதிகம். 1978 மே மாதத்திலேயே அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனையாளர் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பி ஏச்சு வாங்கினார். தபாலில் கவருக்குக் கவர் தலை ஒட்ட வேண்டும். மின்னஞ்சலில் லட்சம் பேருக்கு அனுப்பினாலும் செலவு சொற்பம். ஒருவர் ஏமாந்தாலே அனுப்பியவனுக்கு லாபம்தான்.

சட்டம் காப்பாற்றுமா? தொல்லை தரும், ஏமாற்றும் மின்னஞ்சலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் அடங்கியிருந்தது. ஆனால் கருத்துச் சொன்னவர்களைக் கைது செய்யவே அது பயன்பட்டது. 2015 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது நியாயமே. எனினும், அந்த இடத்தில் குப்பைக் கடிதத்துக்கென்று தனிச் சட்டம் எதுவும் வரவில்லை. விளம்பரப் போன் அழைப்பைத் தடுக்க 1909 இருக்கிறது. மின்னஞ்சலுக்கு அப்படி ஒரு எண் கிடையாது. அமெரிக்காவில் 2003-லேயே சட்டம் வந்தது, குப்பை நின்றபாடில்லை என்பது வேறு விஷயம்.

ஆகவே நம் விலாசத்தை நாமேதான் காக்க வேண்டும். பாங்கிக்கும் பி.எப்.புக்கும் ஒரு விலாசம், கடைக்கும் பரிசுக் கூப்பனுக்கும் வேறொன்று என இரண்டு வைத்துக்கொள்வதில் காசு செலவில்லை. பெயரும் பிறந்த வருஷமும் மட்டும் சேர்ந்த விலாசத்தைக் கம்ப்யூட்டரே ஊகித்துவிடும். முன்பின் தெரியாதவன் கடிதத்தில் 'இனி அனுப்பாதே' என்ற பொத்தானை அழுத்துவதும் ஆபத்து. இங்கே ஆள் இருக்கிறான் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். 'ஸ்பாம்' என்று குறித்துவிட்டால் போதும்.

பாஸ்வேர்டு விஷயம் இன்னும் பெரிது. பல கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் கடிதம் இந்தப் பெட்டிக்குத்தான் வருகிறது. பெட்டி போனால் மற்றவையும் போகும். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். பாஸ்வேர்டை நாமே தட்டி, முடிந்ததும் வெளியேறி வருவதில் என்ன கஷ்டம்?

சிங்கப்பூரில் வேலை, விசாவுக்கு முன்பணம் கட்டு என்று வரும் கடிதங்களில் ஏழைத் தொழிலாளியின் சேமிப்பே போய்விடுகிறது. ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்காமல் ஒரு ரூபாயும் கட்டக் கூடாது. கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட்டு மூடி வைக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். தாமதமானால் பணம் கை மாறிவிடும்.

நம் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. பொங்கல் விழா அழைப்பை அனுப்பும்போது அத்தனை உறுப்பினர் விலாசமும் எல்லோர் கண்ணிலும் படும்படி அனுப்புகிறார்கள். அந்தப் பட்டியல் ஒரு கை மாறினால் போதும். 'பி.சி.சி.' என்றொரு கட்டம் இருக்கிறது. விலாசங்களை அதில் போட்டால் ஒருவர் விலாசம் மற்றவருக்குத் தெரியாது. வரும் பொங்கலுக்காவது காரியதரிசிகள் அதைப் பயன்படுத்தட்டும்.