தாத்தா பூவுக்கு மருந்தடிக்கச் சொல்றதுக்கு முன்னாடி

போன வாரம் நம்ம கிளாஸ் குரூப்ல ஒரு போட்டோ வந்துச்சு. "மெயின் பிளாக் லான் முழுக்க களை. மருந்தடிக்கச் சொல்லுங்கப்பா!" நாற்பது பேர் தம்ஸ் அப். அதுல நானும் ஒருத்தன். சாயங்காலம் போய்க் குனிஞ்சு பார்த்தப்போதான் தெரிஞ்சது, அது நம்ம தாத்தா பூ.

உங்களுக்கும் தெரிஞ்ச செடிதான். சின்ன வயசுல காம்பை மடக்கிச் சுண்டி, பூவோட தலையைப் பறக்க விட்டு விளையாடியிருப்பீங்க. வெட்டுக்காயப் பூண்டுன்னும் சொல்லுவாங்க. காயத்துல இதோட சாறைப் பிழிஞ்சு விடுறது கிராமத்துப் பழக்கம். தாவரவியல் பெயர் டிரைடாக்ஸ் புரோகம்பன்ஸ். சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி.

அடையாளம் சுலபம். தண்டு தரையோடு படரும். இலைகள் எதிரெதிராக, சொரசொரன்னு, ஓரத்துல பல் பல்லாக இருக்கும். நீளமான காம்பு நுனியில் ஒரே ஒரு பூ. நடுவில் மஞ்சள், சுற்றி வெளிர்நிறத்தில் சுமார் ஐந்து இதழ்கள். ஒவ்வொரு இதழ் நுனியிலும் மூன்று பல். முற்றினால் விதைகள் பஞ்சு முடியோடு காற்றில் பறக்கும்.

இது ஏன் நம்ம லான்ல இவ்வளவு? என் கருத்து: தப்பு செடி மேல இல்ல, நம்ம மேல. கேன்டீனுக்குக் குறுக்கு வழின்னு நாம நடந்து நடந்து புல்லைத் தேய்ச்சோம். விழா வந்தா மொட்டையடிச்ச மாதிரி புல்லை ஒட்ட வெட்டுறாங்க. புல் பலவீனமாகி மண் தெரியுற இடத்துலதான் இது குடியேறுது. மெஷின் பிளேடு மேலே போகும். இது கீழே படுத்துக்கிட்டு கணுவுக்குக் கணு வேர் விடும். ரூட் காஸ் பார்க்காம அலாரத்தை மட்டும் ஆஃப் பண்ணுற கதைதான் மருந்தடிக்கிறது.

மருந்தே தப்புன்னு சொல்லல. 2,4-டி மாதிரி சில மருந்துகள் அகன்ற இலைக் களையைக் கொல்லும், புல்லைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆனா காத்துல பறந்து பக்கத்துப் பூச்செடியையும் கருக்கும். கிளைபோசேட் அடிச்சா புல்லும் சேர்ந்து போயிடும். இதையெல்லாம் கையுறை, மாஸ்க் இல்லாம அடிக்கப் போறது தோட்டத்து அண்ணன். மதியம் அதே புல்லுல உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கப் போறது நாம. தம்ஸ் அப் போடும்போது இந்த ரெண்டையும் நான் யோசிக்கல.

இத்தனை பரப்புக்கு கையே போதும். மழை பெய்து மண் ஈரமா இருக்கும்போது, பூ விதையாகுறதுக்கு முன்னாடி, வேரோட பிடுங்கணும். தண்டு அறுந்து கணு மண்ணுல தங்கினா திரும்ப வரும். பிடுங்கின இடத்தைச் சும்மா விடாம அருகம்புல் கரணை நடணும். ஒரு தடவைக்கு, புல் உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டக் கூடாது. அப்புறம் அந்தக் குறுக்கு வழி: நாம நடக்கிறதை நிறுத்தணும், இல்லேன்னா அங்கே கல் பதிச்சுப் பாதையே போடச் சொல்லணும்.

அடுத்த மழைக்கு மறுநாள் ஒரு மணி நேரம் வர்றீங்களா? வந்தா குரூப்ல இன்னொரு தம்ஸ் அப் போடுங்க. இந்தத் தடவை யோசிச்சுப் போடுங்க.